பழவேற்காட்டு மருந்து

கால் மில்லிமீட்டர். உங்கள் பர்ஸில் இருக்கும் விசிட்டிங் கார்டின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால், துப்பாக்கி பிடிப்பவர்களின் உலகத்தில் அந்தக் கால் மில்லிமீட்டர் ஒரு மனுஷனின் கண்ணைப் பறிக்கப் போதுமானது.

எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு ரைஃபிள் தோட்டாவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனையில்தான். அதில் மொத்தம் நாலு சமாசாரங்கள். முனையில் பாய்ந்து போகிற ரவை. அடியில், ஊசி வந்து குத்தினால் பொறி தட்டும் கேப். நடுவே மருந்து. இந்த மூன்றையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் பித்தளைக் கூடு. சுட்ட மறுவிநாடி ரவை போய்விடும். மருந்து எரிந்துவிடும். கேப் செத்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் ‘டிங்’ என்று தரையில் விழும். நாலில் விலை கூடினது அதுதான். தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் போட்டிக்காகச் சுடுகிறவர்கள் எறிவதில்லை. பொறுக்கி எடுத்து, துடைத்து, செத்த கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புது கேப் பொருத்தி, மருந்து கொட்டி, ரவை செருகி மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். பால்பாயின்ட் பேனாவுக்கு ரீஃபில் போடுகிற மாதிரி. ஒரு கூடு ஐந்து முதல் பத்து முறை வரைகூடத் தாங்கும்.

ஆனால் ஒரு சிக்கல். மருந்து எரிகிறபோது உள்ளே உண்டாகிற அழுத்தம், நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தைப் போல சுமார் 4,000 மடங்கு. அந்த அடியில் பித்தளை உப்பும். உப்பிய கூட்டை அச்சில் வைத்து அழுத்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும்போது, உலோகம் எங்கேயாவது போயாக வேண்டுமே? கழுத்துப் பக்கமாக ஏறி, கூடு நீண்டுவிடும். .308 என்கிற பிரபலமான தோட்டாவின் கூடு 51.18 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் அதன் வாய் துப்பாக்கிக் குழலின் உள்விளிம்பில் முட்டிக்கொண்டு, ரவையை விடமாட்டேன் என்று நெரிக்கும். அழுத்தம் எகிறும். துப்பாக்கியே வெடித்து முகத்தில் அடித்தாலும் ஆச்சரியமில்லை. அதனால் நீண்ட கூட்டை 50.93 மில்லிமீட்டருக்குச் சீவுகிறார்கள். வித்தியாசம் அதே கால் மில்லிமீட்டர். சீவிய பிறகு வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுக்க வேண்டும். அப்புறம்தான் மருந்து.

(நீங்கள் வீட்டில் முயற்சி பண்ணவேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? ஒரு காரணம், குறி தப்பாமல் இருக்க. இன்னொரு காரணம், காசு. உலகத்தின் எல்லா யுத்தங்களுக்குப் பின்னாலும் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். குண்டுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, எதைத் திரும்ப உபயோகிக்கலாம், எதை எங்கே செய்தால் மலிவு என்று எழுதிக்கொண்டே இருக்கிறான்.

அப்படி ஒரு கணக்குப்பிள்ளை சுமார் 400 வருஷங்களுக்கு முன்னால் நம் ஊர்க் கடற்கரை ஒன்றில் வந்து உட்கார்ந்தான். அந்த ஊர் பழவேற்காடு.

*

பழவேற்காடு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? இறால். நண்டு. கூட்டம் கூட்டமாகப் பூநாரைகள். சென்னையிலிருந்து பொன்னேரி வழியாக ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம். ஒடிஷாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஆனால், கடல்வாய் திறக்கிற தெற்கு முனையும் ஊரும் நம்முடையவை. சுற்றிலும் மீனவக் குப்பங்கள். நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம், கோட்டைக்குப்பம்...

கோட்டைக்குப்பம். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

டச்சுக்காரர்கள் இங்கே வந்த கதையை ஒரு கம்பெனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1602-ல் ஆம்ஸ்டர்டாம் முதலான ஊர்களின் வியாபாரிகள் சேர்ந்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார்கள். சுருக்கமாக வி.ஓ.சி. நமக்கு வ.உ.சி. என்றால் ஆங்கிலேயருக்குப் போட்டியாகக் கப்பல் விட்ட தூத்துக்குடிக்காரர். அந்த வி.ஓ.சி. வேறு ரகம். பொதுமக்களுக்குப் பங்குகள் விற்றுப் பணம் திரட்டிய, அந்தப் பங்குகள் சந்தையில் கைமாறிய முதல் பெரிய கம்பெனி அதுதான். பி.காம். படித்த காலத்தில் கம்பெனிச் சட்டப் பாடத்தில் இந்தப் பெயரைக் கடந்து வந்திருக்கிறேன். நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அந்தப் பாடத்தில் இல்லை.

அவர்களுக்கு வேண்டியது மிளகு, கிராம்பு, ஜாதிக்காய். கிராம்பும் ஜாதிக்காயும் விளைகிற இடம் இந்தோனேசியாவின் கிழக்குக் கோடித் தீவுகள். அங்கே போய் வெள்ளிக்காசை நீட்டினால், அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய என்றார்கள் தீவுக்காரர்கள். அவர்கள் கேட்டது துணி. அதுவும் சோழமண்டலக் கரையில் நெய்து, சாயம் ஏற்றிய துணி. பழவேற்காட்டுக் கட்டம் போட்ட துணிக்கு அப்படி ஒரு மவுசு. பின்னாளில் இங்கிலீஷில் கட்டம் போட்ட கைக்குட்டைக்குப் பெயரே ‘புலிகட்’ என்று ஆனது. சோழமண்டலம் நமக்கு மலுக்குத் தீவுகளின் இடது கை மாதிரி, இந்தத் துணி இல்லாவிட்டால் அங்கே வியாபாரம் செத்துவிடும் என்ற கருத்தில் 1612-லேயே எழுதினார் ஹென்ட்ரிக் பிரௌவர் என்கிற கம்பெனி அதிகாரி.

ஆக, மசாலா வேண்டுமானால் துணி வேண்டும். துணி வேண்டுமானால் பழவேற்காடு வேண்டும். 1610-ல் சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கிப் பண்டகசாலை போட்டார்கள். ஏற்கெனவே சாந்தோமில் உட்கார்ந்திருந்த போர்ச்சுக்கீசியர்களுக்கு வயிறு எரிந்தது. 1612-ல் வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். இனி வெறும் கொட்டகை கதைக்காகாது என்று 1613-ல் ஒரு கோட்டையைக் கட்டியது கம்பெனி. அதைக் கட்டிய அதிகாரி வெம்மர் வான் பெர்ஹெம், தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் ஞாபகமாகக் கோட்டைக்குக் கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். 1616-ல் சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடமே அதுதான்.

கோட்டை வந்தால் பீரங்கி வரும். பீரங்கி வந்தால்?

மருந்து வேண்டும்.

*

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. உயிரைக் காப்பாற்றுகிற சரக்குக்கும் மருந்து என்றுதான் பெயர். உயிரை எடுக்கிற சரக்குக்கும் மருந்து என்றுதான் பெயர். திருவிழா வாணவேடிக்கைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், “மருந்து கெட்டிக்கணும்” என்பார். வெடிமருந்து என்று முழுசாகச் சொல்லமாட்டார்.

இந்த மருந்தில் மூன்றே சரக்குகள். பழைய கணக்குப்படி ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிகிறது கரியும் கந்தகமும். அது எரியத் தேவையான ஆக்ஸிஜனை, காற்றை எதிர்பார்க்காமல் தன் வயிற்றுக்குள்ளிருந்தே எடுத்துக் கொடுக்கிறது வெடியுப்பு. அதனால்தான் மூடிய குழலுக்குள்ளும் எரிகிறது.

ஹாலந்திலிருந்தே மருந்தை வரவழைக்கலாம்தான். ஆனால் கணக்குப்பிள்ளைக்கு அது உதைத்தது. கப்பல் வந்து சேர ஆறேழு மாசம். வழியெல்லாம் கடல் ஈரம். வெடியுப்பு ஈரத்தில் கட்டி தட்டும். கலவை கெடும். ஊர் வந்து பீப்பாயைத் திறந்தால், பாதி மருந்து ‘புஸ்’. அதற்குக் கப்பல் வாடகை வேறு.

இன்னொரு பக்கம் பாருங்கள். உலகத்திலேயே வெடியுப்பு தாராளமாகக் கிடைக்கும் நாடு அப்போது இந்தியாதான். கால்நடைக் கழிவும் சாம்பலும் சேர்ந்த பழைய மண்ணில் கோடைக்காலத்தில் வெள்ளையாகப் பூக்கும். அந்த மண்ணைச் சுரண்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சினால் உப்பு படியும். சோழமண்டலக் கரையிலேயே கிடைத்தது. பின்னாளில் பீகார் சரக்கும் வங்காளத்து வழியாகக் கப்பலேறியது. கப்பலுக்கு அடிப்பாரம் வேண்டுமே, கல்லுக்குப் பதில் இதையே போட்டுக்கொண்டார்கள். கரிக்கு இங்கே என்ன பஞ்சம்? எருக்கு மாதிரி லேசான தண்டைக் கரியாக்குவது நாட்டு மருந்துக்காரர்களுக்குக் கைவந்த கலை. கந்தகம் மட்டும் எரிமலை நாட்டுச் சரக்கு. அதற்கும் கவலையில்லை. எரிமலைகள் நிறைந்த தீவுகள்தான் கம்பெனிக் கப்பல்களின் அன்றாட வழித்தடம்.

இன்றைக்கு எம்.பி.ஏ. மாணவர்களிடம் ‘வாங்குவதா, நாமே செய்வதா’ என்று ஒரு கேள்வி கொடுப்பார்கள். வி.ஓ.சி. அந்தப் பரீட்சையில் 1620-களிலேயே பாஸ். பழவேற்காட்டுக் கோட்டையில் வெடிமருந்து ஆலை எழுந்தது. கம்பெனி ஆசியாவில் போட்ட முதல் மருந்து ஆலை அது. சின்னக் கொட்டகை என்று நினைத்துவிடாதீர்கள். ஆசியாவின் பல பெரிய டச்சு வணிகத் தலங்களுக்கும், சரக்கு ஏற்றிக்கொண்டு ஹாலந்து திரும்பும் கப்பல்களுக்கும் பல பத்தாண்டுகள் மருந்து கொடுத்தது பழவேற்காடு.

*

மருந்து அரைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. மூன்று சரக்கையும் தனித்தனியே பொடித்து, சேர்த்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து மணிக்கணக்கில் இடிக்க வேண்டும். காய்ந்தபடி இடித்தால் ஆள் காலி. இடித்த மாவை அப்படியே பீப்பாயில் அடைத்தால் வண்டியும் படகும் குலுங்கிக் குலுங்கி, கனமான சரக்கு அடியிலும் லேசான கரி மேலுமாகப் பிரிந்துவிடும். அதனால் ஈரமாக இருக்கும்போதே சல்லடையில் தேய்த்துக் குருணை குருணையாக ஆக்கிக் காயவைப்பார்கள். குருணைகளுக்கு நடுவே நெருப்பு சட்டென்று ஓடும். பலமும் கூடும்.

மருந்து ஆலைகளின் முதல் சட்டம், இரும்பு கூடாது. இரும்பு கல்லில் உரசினால் பொறி. அதனால் மரம், செம்பு, பித்தளைதான். பித்தளை இந்தக் கதைக்குள் நுழைகிற முதல் இடம் இது. பொறி பறக்கவிடாத உலோகம் என்கிற தகுதியில் நுழைகிறது.

ஒரு பொறிக்கு என்ன மரியாதை என்பதற்கு உதாரணம் ஹாலந்திலேயே உண்டு. 1654 அக்டோபர் 12. டெல்ஃப்ட் நகரம். கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று இருந்த ஊர். அங்கே ராணுவக் கிடங்கில் இருந்த சுமார் 40 டன் மருந்து வெடித்தது. ஊரின் ஒரு பகுதியே தரைமட்டம். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ரெம்ப்ராண்ட்டின் மாணவரான ஓவியர் கேரல் ஃபேப்ரிஷியஸும் அவர்களில் ஒருவர். வயது 32. ஹாலந்தின் குளிரிலேயே இந்தக் கதி. சித்திரை வெயிலில், உப்புக்காற்றில், ஏரிக்கரையில் உட்கார்ந்து மருந்து காயவைத்தவர்களை யோசித்துப் பாருங்கள்.

சரி, ஆரம்பத்தில் காலித் தோட்டாவைப் பொறுக்கினோமே, அந்தச் சிக்கனம் அப்போது உண்டா? உண்டு. ஈரம் பட்டுச் செத்த மருந்தை யாரும் கடலில் கொட்டவில்லை. ஆலைக்குத் திரும்பிப் போகும். மறுபடி இடித்து, சரக்கு குறைந்திருந்தால் சேர்த்து, குருணையாக்கி, காயவைத்து உயிர் கொடுப்பார்கள். ஆசியாவுக்குள்ளேயே ஆலை இருந்ததன் பெரிய லாபங்களில் இதுவும் ஒன்று.

அளவும் அப்போதே வந்துவிட்டது. துப்பாக்கி வீரன் சண்டை நடுவே மருந்தை உத்தேசமாகக் கொட்டினால், குறைந்தால் குண்டு காலடியில் விழும், கூடினால் குழல் வெடிக்கும். இதற்கு ஐரோப்பியர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். தோளில் குறுக்காக ஒரு வார். அதில் தொங்கும் சின்னச் சின்ன மரக்குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சூட்டுக்கு அளந்த மருந்து. ஜேக்கப் டி ஹெய்ன் என்ற டச்சு ஓவியர் 1607-ல் வெளிவந்த ராணுவப் பயிற்சிப் புத்தகத்துக்காக இதைப் படம் படமாக வரைந்திருக்கிறார். குப்பிகள் வழக்கமாகப் பன்னிரண்டு என்பதால் பின்னாளில் ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்’ என்றே பட்டப்பெயர். அந்த மரக்குப்பிதான் இன்றைய பித்தளைக் கூட்டின் கொள்ளுத்தாத்தா.

*

இப்போது கணக்குப் புத்தகத்தின் மறுபக்கத்தைப் புரட்டுவோம். வரவு இருந்தால் செலவு எங்கே?

பழவேற்காட்டு ஆலை ஓடிய அந்தப் பத்தாண்டுகளில் கம்பெனி எங்கெல்லாம் சண்டை போட்டது என்று பாருங்கள். 1638-ல் ஆரம்பித்து 1658 வரை இலங்கை. 1641-ல் மலாக்கா. 1658-ல் யாழ்ப்பாணம், நாகப்பட்டினம். 1663-ல் கொச்சி. ஒவ்வொன்றாகப் போர்ச்சுக்கீசியர் கையிலிருந்து பிடுங்கப்பட்டவை. பிடுங்கியதற்கு விலை மருந்து.

இதற்கெல்லாம் முன்னால், 1621-ல், ஜாதிக்காய் விளைந்த பாண்டா தீவுகளில் கம்பெனி நடத்தியது வியாபாரமே இல்லை, வேட்டை. தங்களுக்கு மட்டும்தான் விற்கவேண்டும் என்பது கட்டளை. தீவுக்காரர்கள் கேட்கவில்லை. கவர்னர் ஜெனரல் கூன் படையோடு போனார். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் மிகக் கொஞ்சம். செத்தவர்கள் போக, பிடித்துக்கொண்டு போனவர்கள் போக, தோட்டத்தில் வேலை செய்ய ஆளில்லை. ஆள் எங்கிருந்து வரும்?

பதில் கசப்பானது. அதில் ஒரு பகுதி நம் கரையிலிருந்து போனது. பஞ்சம் வந்த வருஷங்களில், சண்டை நடந்த வருஷங்களில், பழவேற்காடு, தேவனாம்பட்டினம் மாதிரியான துறைகளிலிருந்து டச்சுக் கப்பல்கள் மனிதர்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போயின. 1620-களின் ஆரம்பத்திலேயே இந்த ஏற்றுமதி ஆயிரக்கணக்கில். பல பேர் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு.

இந்தக் கரையில் அப்போது கப்பல் வந்து ஒட்டுகிற துறைமுகமே கிடையாது. கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். துணிப்பொதியோ, மருந்துப் பீப்பாயோ, மனுஷனோ, எல்லாம் உள்ளூர்க்காரர்கள் ஓட்டுகிற படகில் அலை தாண்டித்தான் கப்பலுக்குப் போயாக வேண்டும். துணியும் மருந்தும் மனிதர்களும் மூன்று தனித்தனி வியாபாரங்கள் என்று நாம் நினைக்கிறோம். கம்பெனிக்கு அது ஒரே பேரேடு.

*

பழவேற்காட்டின் வீழ்ச்சிக்குக் காரணம் பீரங்கி மட்டுமல்ல. பக்கத்து ஊரும்தான்.

டச்சுக்காரர்களோடு மல்லுக்கட்ட முடியாத ஆங்கிலேயர்கள் 1626-ல் ஏரிக்கு வடக்கே ஆறுமுகம் என்று அவர்கள் அழைத்த துர்க்கராயபட்டினத்தில் கடை போட்டார்கள். போணியாகவில்லை. அங்கே அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் டே வேறு இடம் தேடித் தெற்கே வந்தார். 1639-ல் அவர் பிடித்த மணல்மேடுதான் சென்னை. அது வளர வளர, பழவேற்காடு தேய்ந்தது. 1690-ல் டச்சுக்காரர்களே தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். 1781-ல் ஆங்கிலேயர்கள் பழவேற்காட்டைப் பிடித்தார்கள். திருப்பிக் கொடுத்தார்கள். 1795-ல் மறுபடி பிடித்தார்கள். கோட்டை இடிந்தது. 1825-ல் ஒரேயடியாக அவர்களுக்கே சொந்தமானது.

மருந்து வியாபாரம் நின்றதா? எங்கே நிற்கும்! முகவரி மாறியது, அவ்வளவுதான். சென்னை புளியந்தோப்பு பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே ‘பவுடர் மில் ரோடு’ என்று ஒரு தெரு உண்டு. முகப்பவுடர் இல்லை. ஆங்கிலக் கம்பெனியின் வெடிமருந்து ஆலை.

மரக்குப்பி போய்க் காகிதச் சுருள் வந்தது. அளந்த மருந்தும் குண்டும் ஒரே பொட்டலத்தில். காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைத் திணிக்க வேண்டும். ஈரம் பிடிக்காமலிருக்க அதில் கொழுப்புத் தடவினார்கள். என்ன கொழுப்பு என்ற கேள்வி 1857 ஜனவரியில் கல்கத்தா பக்கத்து டம்டம்மில் கிளம்பியது. அந்த வருஷமே வட இந்தியா பற்றி எரிந்தது. காரணங்கள் நூறு. ஆனால் தீக்குச்சி, சுமார் நாலரை கிராம் மருந்து கட்டிய ஒரு காகிதப் பொட்டலம்.

காகிதத்தால் வந்த வம்பு பெரிசு. ஆனால், உலோகம் வந்ததற்குக் காரணம் வேறு. பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்துவிட்டன. அவற்றில் புகை பின்னால் கசியாமல் அடைக்க வேண்டும். 1866-ல் ஆங்கிலேயர்கள் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டித் தோட்டாக் கூடு செய்தார்கள். சூட்டில் அது குழலுக்குள் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கியது. பிறகு ஒரே துண்டுப் பித்தளையை இழுத்து இழுத்துக் கூடாக்கும் முறை. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவைக்கு ஒரு அபார குணம். வெடிக்கும்போது உப்பிக் குழலை அடைத்துக்கொள்ளும். வெடித்ததும் கொஞ்சம் சுருங்கி வெளியே வந்துவிடும். அந்த உப்பலின் மிச்சம்தான், முதல் பத்தியில் நாம் சீவி எடுத்த கால் மில்லிமீட்டர்.

செம்பும் பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. ஜப்பான் கதவைச் சாத்திக்கொண்டு ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களை மட்டும் நாகசாகி வாசலில் நிற்க அனுமதித்த காலத்தில், அங்கிருந்து செம்புக் கட்டிகளைக் கொண்டுவந்து இந்தச் சோழமண்டலக் கரையில்தான் விற்றார்கள். காசாகவும் பாத்திரமாகவும் ஆனது. பழவேற்காட்டில் அவர்களுக்கு நாணயச் சாலையே இருந்தது. இருநூறு வருஷம் கழித்துச் செம்பு மருந்தோடு ஒரே கூட்டில் சேர்ந்தது. பம்பாய் மாகாணத்தில் புனே பக்கம் கிர்க்கி தோட்டா ஆலை 1869-ல் வந்தது. கரிமருந்து போய்ப் புகையில்லாத கார்டைட் வந்தபோது, அதைச் செய்ய நீலகிரியில் இடம் பார்த்தார்கள். 1904 வாக்கில் குன்னூர் பக்கத்து அருவங்காட்டில் எழுந்த அந்த ஆலை இன்றும் இருக்கிறது. ஊட்டி மலை ரயிலில் போனால் அருவங்காடு ஸ்டேஷன் வரும். எட்டிப் பாருங்கள்.

*

பழவேற்காட்டுக்குத் திரும்புவோம்.

ஆசியாவுக்கே மருந்து கொடுத்த அந்த ஆலை இன்றைக்கு மருந்துக்குக்கூட இல்லை. கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடும், அகழியின் தடமும். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுச் சிற்பங்கள் உங்களை வரவேற்கும். உள்ளே கம்பெனி அதிகாரிகள், வியாபாரிகள், அவர்களின் மனைவி மக்கள். பெயரும் தேதியும் அழகாகச் செதுக்கிய கல். மருந்து இடித்தவர்களுக்கும் படகு தள்ளியவர்களுக்கும் கப்பலில் போனவர்களுக்கும் கல் கிடையாது. அவர்களுடைய ஞாபகம் ஒரு பெயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, கோட்டைக்குப்பம். கோட்டை போய்விட்டது. குப்பம் இருக்கிறது.

அந்தக் குப்பத்துக்காரர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ‘பாடு’ என்பார்கள். ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களைப் பங்கு போட்டு, யாருக்கு என்றைக்கு எந்த இடம் என்று முறை வைத்துப் பிடிப்பது. நல்ல இடம் ஒருத்தருக்கே போகக்கூடாது என்பது ஏற்பாடு. ஒரே சரக்கை ஒருத்தனே அள்ள வேண்டும் என்று தீவையே காலி செய்த கம்பெனிக்குப் பக்கத்து வீட்டில் இப்படியும் ஒரு கணக்கு!

கதை முடிந்தது என்று நினைத்தால், இல்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நீளமான தீவு இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9-ம் தேதி அங்கிருந்து ஒரு சின்ன ரோகிணி ராக்கெட் கிளம்பியது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று. அங்கே ஏவுதளம் மட்டுமில்லை, திட எரிபொருள் ஆலையும் உண்டு. பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் மட்டும் சுமார் 138 டன். அதன் சூத்திரம் என்ன? ஆக்ஸிஜன் கொடுக்க ஓர் உப்பு, எரிவதற்கு ஒரு சரக்கு. வெடியுப்புக்குப் பதில் அம்மோனியம் பெர்குளோரேட். கரிக்கும் கந்தகத்துக்கும் பதில் ரப்பர் மாதிரி ஒரு பசையும் அலுமினியப் பொடியும். அதே ஏரி. அதே தத்துவம். நானூறு வருஷம் கழித்து மறுபடி மருந்து. இந்தத் தடவை அது தீவுகளைப் பிடிக்கப் போகவில்லை. புயல் எச்சரிக்கை சொல்லும் செயற்கைக்கோளைக்கூடத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த எச்சரிக்கையால் முதலில் பிழைப்பவர்கள் மீனவர்கள்தான். அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஆனால் ராக்கெட் கிளம்புகிற நாட்களில், அபாய வளையத்துக்குள் கடலுக்குப் போகாதீர்கள் என்று குப்பங்களுக்குச் சொல்லப்படும். படகு கரையில் நிற்கும். சென்னையிலிருந்து காரில் வந்தவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கைதட்டுவார்கள். பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறவருக்கு அன்றைய பாடு போச்சு. அந்தச் செலவு யாருடைய பேரேட்டில் ஏறுகிறது?

அடுத்த முறை பூநாரை பார்க்கப் போனால் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கோட்டைக்குப்பம் எங்கே என்று விசாரித்துப் போங்கள். “எந்தக் கோட்டைப்பா?” என்று கேட்பார்கள். மருந்து அரைத்த கோட்டை என்று சொல்லுங்கள்.